க, ச, த வயிற்றில் ஒரு வெட்டு

பிள்ளைகள், உங்கள் ராத்தாவின், அதாவது என் மூத்த மகளின், அட்டைப்பட விவகாரத்தில் நீங்கள் இரண்டு பேரும் பாதியைத்தான் பார்த்தீர்கள். மிச்சப் பாதியை ராத்தா தனக்கு வசதியான மாதிரி உங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வசதியான மாதிரியும் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா. அதனால் எழுதுகிறேன். நான் சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவன். இதில் பிழை கண்டால் உம்மாவிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். என் பிழைகளைக் கண்டுபிடிப்பதில் அவவுக்கு நல்ல பழக்கம்.

நான் பெயர் எழுதுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். வள்ளம், ஓட்டோ, மருந்துக்கடைப் பலகை, மீன் ஏற்றும் லொறியின் நெற்றி என்று எதைத் தந்தாலும் எழுதுவேன். சாய்ந்தமருதுக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களைத் தூரத்தில் நின்று பார்த்தாலே எது என் கை என்று சொல்லிவிடுவேன். நான் மட்டும் இல்லை, கரையில் நிற்கும் எவரும் சொல்வார்கள். அதற்குக் காரணம் ஒரு வெட்டு.

க, ச, த மூன்றையும் எழுதிப் பாருங்கள். மூன்றுக்கும் இடப்பக்கம் ஒரு வயிறு இருக்கிறது. மற்றவர்கள் அந்த வயிற்றை முழுதாக மூடி எழுதுவார்கள். நான் மேலே ஒரு இடத்தில் விரல் அகலத்துக்கு வெட்டு விட்டு எழுதுவேன். அது போக, ச எழுதும்போது அதன் தலைக்கோட்டு நுனியில் சின்னதாக ஒரு பல் வைப்பேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கை அப்படித்தான் போகும். ஆனால் தெரியாது என்று ஒருபோதும் நான் சொன்னதில்லை.

வாடிக்கையாளர்கள் தாங்களாகவே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஒரு வள்ளக்காரர், உப்புத் தண்ணீர் எழுத்தில் தங்காமல் வடிவதற்காகத்தான் அந்த வெட்டு என்று கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஒரு ஓட்டோக்காரர், ஓடும்போது காற்றுப் போக வழி என்றார். பெயின்டில் எழுதிய எழுத்துக்குள் காற்று எப்படிப் போகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏதோ பெரிய விசயம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். "இது என்ட சொந்தக் கண்டுபிடிப்பு" என்று மட்டும் இடைக்கிடை சொல்லி வைப்பேன்.

இந்த வருடம் ராத்தாவின் பாடசாலையில் சஞ்சிகை போட ஆயத்தமானார்கள். பெயர் கதிர்ச்சரம். அட்டையில் அந்தப் பெயரை எழுதுவதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டி வைத்தார்கள். ராத்தா ஒரு கிழமையாக மேசையை விட்டு எழும்பவில்லை. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலும் பென்சில் கிடந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து அட்டையில் வந்ததே இல்லையாம், தான்தான் முதல் ஆளாக வரப்போகிறாளாம். கடைசியில் ஒரு வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று பின்னேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

சஞ்சிகைக்குப் பொறுப்பான டீச்சர் அவள் எழுத்தைப் பார்த்தவுடனே கேட்டாவாம், "இது ஒங்கட எழுத்தா மகள்? நான் தினமும் வாற ஓட்டோவுக்குப் பின்னால இதே எழுத்துத்தான் இரிக்கி."

போட்டிப் படிவத்தில், இது இந்த மாணவியின் சொந்த ஆக்கம் என்று டீச்சர் கையெழுத்து வைக்க வேண்டும். டீச்சர் வைக்கவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள இதில எது ஒங்கட எண்டு காட்டுங்க. காட்ட ஏலாட்டி அட்டையில புறா போகும்" என்றிருக்கிறா. புறா என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொடுத்த படம். அலகில் பேனையோடு ஒரு புறா பறக்கிறது. நான் படித்த காலத்து சஞ்சிகையிலும் அதே புறாதான் பறந்தது. இத்தனை வருடமாகியும் பாவம், அது இன்னும் இறங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வேலைக்குப் போகாமல் நேரே பாடசாலைக்குப் போனேன். போகவேண்டாம் என்று உம்மா சொன்னா. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையில் அரைவாசி இருந்திருக்காது.

"டீச்சர், அது களவு இல்ல" என்று ஆரம்பித்தேன். "அது என்ட எழுத்து. என்ட சொந்தக் கண்டுபிடிப்பு. ஊர்ல வேற ஒருத்தரும் அப்பிடி எழுதமாட்டாங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தா. "அப்ப மகள்ட இல்ல?"

"மகள்டதான்."

"ஒங்கட எண்டு இப்பதானே சொன்னிங்க."

"ஓம், என்டதான். ஆனா மகள்ட."

"ரெண்டில ஒண்டச் சொல்லுங்க. ரெண்டையும் சொன்னா நான் எங்க கையெழுத்து வைக்கிற?"

நான் வந்த வழியே திரும்பினேன். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராத்தா, வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்ன வசனம் இதுதான்: "நேத்து டீச்சருக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்திச்சு உம்மா. இண்டைக்கு வாப்பா போய்ச் சாட்சி சொல்லிட்டு வந்திட்டாரு."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் மாமா வந்தார். அவர் சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லின் களஞ்சியத்தில் வேலை செய்கிறவர், என்னைச் சீண்டாவிட்டால் சாப்பிட்டது செமிக்காது. ராத்தா மேசையில் விரித்து வைத்திருந்த தாளை எட்டிப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன மச்சான் சிரிப்பு?" என்றேன்.

"ஒண்டுமில்ல. எங்கட சாக்கு ஏன் ஒங்கட மேசையில கிடக்கெண்டு பார்த்தன்."

"என்ன சாக்கு?"

"இந்த ச எங்கட தவிட்டுச் சாக்கில இரிக்கிற ச, முந்தி அரிசிச் சாக்கிலயும் இருந்த ச. வெட்டும் அதுதான், பல்லும் அதுதான். ஒங்கட வள்ளங்களப் பாக்கிற நேரமெல்லாம் நான் நினைக்கிற, மச்சான் எங்கட மில்லுக்குச் சும்மா விளம்பரம் செய்யிறாரு எண்டு."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

"கண்டுபிடிப்பு எண்டு சொல்லிக்கிட்டு சந்தோசமா இருந்திங்க. நான் ஏன் கெடுப்பான்?"

இல்லவே இல்லை என்று வாதாடினேன். நான் அந்த மில்லுக்குள் காலடி வைத்ததே இல்லை, எப்படி அதைப் பார்த்து எழுதியிருக்க முடியும் என்று கேட்டேன். "அப்ப நாளைக்கு வந்து பாருங்க" என்றார். ராத்தா உடனே, தானும் வருவதாகச் சொன்னாள். அவளுக்குத் திங்கட்கிழமைக்கு முன் ஏதாவது ஒரு வழி தேவைப்பட்டது. எனக்கு மாமாவின் வாயை அடைக்கத் தேவைப்பட்டது.

சனிக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு காரைதீவுச் சந்தியால் திரும்பிப் போனேன். அறுவடைக் காலம். தெருவின் அரைவாசிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். மிச்ச அரைவாசியில் டிரக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது அரிசிப் பைகள் அச்சடித்தே வருகின்றன. ஆனால் சம்பாத் தவிடு கட்டும் சாக்குகளுக்கு அந்த மில்லில் இன்றைக்கும் பழைய அரிசித் தகரம் வைத்துத்தான் பெயர் போடுகிறார்கள். தகரத்தில் எழுத்துகள் ஓட்டையாக வெட்டப்பட்டிருக்கும். அதைச் சாக்கின் மேல் வைத்து, கறுப்பு மையில் தோய்த்த துணிப்பந்தால் ஒற்றி எடுத்தால் எழுத்து விழும். மாமா களஞ்சியத்துச் சுவரில் தொங்கிய மூன்று தகரங்களைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

மூன்றிலும் சம்பா என்றிருந்தது. மூன்றிலும் அந்த வெட்டு இருந்தது. ச-வின் தலைக்கோட்டு நுனியில் அந்தப் பல்லும் இருந்தது. என் கையை வெட்டி முன்னால் வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

மாமா விளங்கப்படுத்தினார். முதல் தகரத்தை வெட்டிய மனிதர் ஒரு பேப்பரின் தலைப்பு எழுத்தை ஒட்டி வைத்து உளியால் வெட்டினாராம். பேப்பரில் வயிறு உருண்டையாக இருந்ததாம். உளி நேராகத்தான் போகும், வளையாது. அதனால் வயிறு மூலை மூலையாக வந்துவிட்டது. அந்தத் தகரம் பழுதானபோது அதையே புதுத் தகரத்தின் மேல் வைத்து, ஆணியால் கீறி, அதன்படி இரண்டாவதை வெட்டினார்கள். அதற்குள் முதலாவதின் ஓரங்கள் தேய்ந்து ஓட்டைகள் பெருத்திருந்ததால் இரண்டாவதின் எழுத்துகள் தடித்துப் போயின. மூன்றாவது இன்னும் தடிப்பு.

"அப்ப இந்தப் பல்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அது கறள் மச்சான். முதல் தகரத்தில துருப் பிடிச்சுக் கறள் தின்ன இடம். ரெண்டாவதை வெட்டின ஆள் அதையும் எழுத்தெண்டு நினைச்சிக் கீறி வெட்டிட்டாரு. மூணாவதை வெட்டினவர் இன்னும் வடிவா வெட்டினாரு." என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அதுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்ச முதல் ஆள்."

ராத்தா எங்கள் இருவரையும் கவனிக்கவில்லை. அவள் தகரத்தை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ச-வின் வயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் இருக்கும் சின்னத் துண்டை மெல்ல அமத்தினாள். அது அசைந்தது. வெட்டு இருக்கும் இடத்தில் ஒரு ஒடுங்கிய பட்டித் தகரம் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"வாப்பா," என்றாள். "இந்தப் பட்டி இல்லாட்டி நடுத்துண்டு கழண்டு விழுந்திரும். அதுதான் வெட்டு. பிடிச்சி வெக்கிறத்துக்கு. தகரத்துக்குத்தான் அது தேவை. பிரஷ்ஷால எழுதிறதுக்கு என்னத்துக்கு?"

பதினைந்து வருடம். எத்தனை வள்ளம், எத்தனை ஓட்டோ. ஒரு இடத்திலும் கழன்று விழுவதற்கு எதுவும் இல்லாத எழுத்துகளுக்கு நான் விடாமல் பட்டி வைத்திருக்கிறேன்.

மாமா என் தோளில் கையைப் போட்டார். மிகவும் அக்கறையாகக் கேட்டார். "என்னத்துக்கு மச்சான் பயந்திங்க? எழுத்துட வயிறு கழண்டு கடல்ல விழுந்திருமெண்டா?"

ராத்தா தகரத்தைக் கீழே வைத்துவிட்டு, சாக்கு அடுக்கில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை. அவளுக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தபிறகுதான் அடங்கியது.

திரும்பி வரும்போது ராத்தா பின்னால் இருந்து எட்டிக் கேட்டாள்.

"வாப்பா, கோவமா?"

"இல்ல."

"அப்ப ஏன் இவ்வளவு மெதுவாப் போறிங்க? சைக்கிள்காரனெல்லாம் முந்திறான்."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மில்லுக்குள் கால் வைக்காத என் கைக்கு அந்த ச எங்கே இருந்து வந்தது? காரைதீவுக்குக் கிட்டே வரும்போதுதான் பிடிபட்டது. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தோம். ஒரே அறை. உங்கள் மூத்தம்மா, அதாவது என் உம்மா, வெறும் அரிசிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து நடுவில் ஒரு மறைப்புக் கட்டியிருந்தா. பகல் வெக்கையில் வெளியே போக முடியாது. அந்த மறைப்புக்கு நேரே படுத்துக் கிடப்பேன். படிக்கப் புத்தகம் இல்லை, பார்க்க வேறு எதுவும் இல்லை. சம்பா, சம்பா, சம்பா என்று சாக்கு முழுக்க எழுதியிருக்கும், சிலது தலைகீழாக. என்னை அறியாமல் கண் அந்தக் கோடுகளின் வழியே போய்க்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நான் எழுதவே இல்லை. பிறகு மறந்தும் போனேன். கை மறக்கவில்லை போலிருக்கிறது.

இதை அவளுக்குச் சொன்னேன்.

"அப்ப சும்மா பார்த்துக்கிட்டுக் கிடந்ததுதானா?"

"ஓம்."

"நானும் ஒங்கட எழுத்தக் கொப்பி பண்ணல்ல வாப்பா. ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் அதுதானே இரிக்கி. க எண்டா அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

பிறகு சொன்னாள், "ஆனா டீச்சர் கேட்டதுக்கு இது பதில் இல்ல. என்ட எது எண்டுதானே கேட்டா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் திரும்ப எழுதினாள். முதலில் பல்லை எடுத்தாள். எனக்கு மனது கேட்கவில்லை. "ஒண்டையாவது விடு மகள், வடிவா இரிக்கி" என்றேன். "கறள் வாப்பா" என்று மட்டும் சொன்னாள். அடுத்ததாக எல்லா வெட்டையும் அடைத்தாள். அப்போது எழுத்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் யாருடைய எழுத்தாகவும் இருக்கலாம் என்கிற மாதிரி. அவளே அதைப் பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கினாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இன்னொரு தாளில் தொடங்கினாள்.

இந்த முறை வெட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். என்னைப் போல வயிற்றின் மேல்பக்கத்தில் மட்டும் வைக்கவில்லை. க-வுக்கு, தி-க்கு, இரண்டு ச-வுக்கும், வயிறே இல்லாத ர-வுக்கும் ம-வுக்கும் கூட, எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில் நடுவால் வெட்டினாள். பிறகு அந்த வெட்டுகளுக்குள்ளால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே ஒரு நெற்கதிரின் தண்டை ஓடவிட்டாள். கதிர் எழுத்துகளைக் கோத்துக்கொண்டு போனது. மணிகள் ம-வுக்கு அப்பால் தலை குனிந்து தொங்கின. நான் தூரிகையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். க-வின் வயிற்றை மட்டும் கொஞ்சம் தடிப்பாக்கினால் நல்லது என்று எனக்குப் பட்டது.

"வாப்பா," என்றாள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாளைக்குக் கேள்வி கேட்கப்போறது என்னட்ட. கையை எடுங்க."

உங்கள் உம்மா அடுப்படியிலிருந்து, "கையை எடுங்க எண்டு புள்ள சொல்லுது, விளங்கல்லியா?" என்றா. எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளோடு நானும் போனேன். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையில்தான் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சரின் மேசையில் ராத்தா மூன்றை வைத்தாள். மாமாவிடம் வாங்கிய ஒரு தவிட்டுச் சாக்கு. என் கைப்பேசியில் ஒரு வள்ளத்தின் படம். பிறகு அவளுடைய தாள்.

"டீச்சர், இது மில்லுச் சாக்கு. வாப்பாட எழுத்து இதிலயிருந்து வந்திச்சு. அவருக்கே தெரியா. தகரத்தில இந்த வெட்டு இல்லாட்டி நடுத்துண்டு விழுந்திரும். வாப்பா அது ஏனெண்டு தெரியாம பதினைஞ்சு வருசம் எழுதியிருக்காரு."

டீச்சர் என்னைப் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன். நிபந்தனை நிபந்தனைதான்.

"எனக்கு இப்ப ஏனெண்டு தெரியும்," என்றாள் ராத்தா. "அதால நான் அத எனக்குத் தேவையான இடத்துக்கு மாத்தினன். கதிர் போறத்துக்கு. எழுத்துட உடம்பு வாப்பாட, மூலை சாக்குட. வெட்டு வெச்ச இடமும் கதிரும் என்ட."

டீச்சர் சாக்கைத் தடவிப் பார்த்தா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தா. "சாக்குக்கு முதல்?"

"ஒரு பேப்பர்ட தலைப்பாம் டீச்சர்."

"அதுக்கு முதல்?"

"தெரியா டீச்சர்."

டீச்சர் சிரித்த மாதிரி இருந்தது, ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. படிவத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தா. கையெழுத்துக்குக் கீழே, சாக்கு எழுத்தையும் தகப்பனின் வள்ள எழுத்தையும் தழுவி இந்த மாணவி ஆக்கியது என்று தன் கையாலேயே ஒரு வரி எழுதினா. ராத்தா மூச்சு விட்டாள். நானும் விட்டேன்.

அப்போது டீச்சர் பென்சிலை எடுத்தா. "இந்தக் கதிர் கடைசியில சட்டெண்டு குனியுது மகள். இன்னும் கொஞ்சம் வளைஞ்சி வந்தா நல்லம்" என்று சொல்லி, ம-வுக்கு அப்பால் பெரிதாக ஒரு வளைவை மெல்லிசாகக் கீறிக் காட்டினா. "இப்பிடி. நாளைக்குத் திருத்திக் கொண்டு வாங்க."

வெளியே வேப்ப மரத்துக்குக் கீழே வந்து நின்று தாளைத் திரும்பப் பார்த்தோம்.

"டீச்சர்ட வளைவு நல்லம், என்ன வாப்பா?"

எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. ஆனால் வாயைத் திறக்கும் அனுமதி எனக்கு இன்னும் வந்திருக்கவில்லை. தலையை ஆட்டினேன்.

"நல்லம்தான்," என்றாள் அவளே. "ஆனா கொஞ்சம் கூடப்போச்சு. அரைவாசி குறைச்சிடுறன்."

குறைத்துத்தான் கொடுத்தாள். சஞ்சிகை வந்துவிட்டது. அட்டைக்கு உள்பக்கத்தில் அவள் பெயரும் வகுப்பும் இருக்கின்றன. அந்த வளைவு தான் போட்டது என்று டீச்சர் மற்ற டீச்சர்மாருக்குப் பெருமையாகக் காட்டுகிறாவாம். அது அரைவாசியானதை அவ இன்னும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம் உங்களில் ஒருவர் அவவின் வகுப்புக்குப் போகிறீர்கள். தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.